தாளில் இருந்தபடியே

வியாழக்கிழமை, 9 ஜனவரி 2031

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். நீயும் என் தங்கையாகிய உன் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். உன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றித் தனியே ஒரு வரி எழுதவும். சென்ற கடிதத்தில் "அம்மா நன்றாக இருக்கிறாள்" என்று முடித்துவிட்டாய். நன்றாக இருப்பது அம்மாவா, முழங்காலா என்பது எனக்கு விளங்கவில்லை.

நீ இம்மாதம் 2 ஆம் தேதியிட்டு எழுதியது 7 ஆம் தேதி கைக்கு வந்தது. உன் நிறுவனம் நடத்தவிருக்கும் சாவிச் சடங்குக்கு வெளியாள் சாட்சியாக வர இயலுமா என்று கேட்டிருக்கிறாய். பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு உங்கள் கணினிக் கூடத்தில் என்ன வேலை என்று முதலில் திகைத்தேன். "தேதியில் ஒரு எழுத்துப் பிசகினாலும் மாமா கண்டுபிடித்துவிடுவார் என்று எங்கள் தலைவரிடம் சொல்லிவிட்டேன்" என்ற உன் வரியைப் படித்தபின் மறுக்க மனம் வரவில்லை. பிப்ரவரி 12, புதன்கிழமை, வருகிறேன்.

இதையெல்லாம் தொலைபேசியில் பேசி முடித்துவிடலாமே என்றும் கேட்டிருந்தாய். பேச்சுக்குத் தேதி கிடையாது, அம்மா. நாளை ஒரு ஐயம் வந்தால் யார் எப்போது என்ன சொன்னார் என்று எதைப் புரட்டிப் பார்ப்பது? கடிதமே போதும்.

சடங்கு என்றால் என்ன, சாவி என்றால் எந்தச் சாவி, நான் எங்கே உட்கார வேண்டும் என்பவற்றை விளக்கமாக எழுதவும்.

உன் நலம் விரும்பும்,
மாமா


திங்கட்கிழமை, 20 ஜனவரி 2031

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அம்மாவும் நலம், அம்மாவின் வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. போதுமா?

நீங்கள் ஒப்புக்கொண்டதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அலுவலகத்தில் இப்போதே உங்களுக்கு "தேதி மாமா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதில் எனக்கு "ரேடியோ" என்று பெயர் வைத்தவர் நீங்கள்.

நீங்கள் கேட்ட விளக்கம். மருத்துவமனையில் கட்டிலருகே நின்று நரம்பில் மருந்து செலுத்துமே, அந்த பம்ப்கள் இப்போதெல்லாம் கணினியிலிருந்து கட்டளை வாங்கி வேலை செய்கின்றன. கட்டளை இடுவது அந்த மருத்துவமனைக் கணினிதானா, வேறு யாராவதா என்று பம்ப் பார்க்க வேண்டும். பதில் சொல்வது உண்மையான பம்ப்தானா என்று கணினி பார்க்க வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நாங்கள் சான்றிதழ் கொடுக்கிறோம். பிறக்கும்போதே, அதாவது தொழிற்சாலையிலேயே, உள்ளே வைத்துவிடுவோம். நீங்கள் மனிதர்களுக்குச் செய்ததை நான் பம்ப்களுக்குச் செய்கிறேன். அத்தனை சான்றிதழ்களும் நம்பிக்கைக்கு உரியவை என்று கையெழுத்திடுவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஒரே ஒரு வேர்ச் சான்றிதழ்.

இதுவரை அந்தக் கையெழுத்தின் பலம், எந்தக் கணினியாலும் போட்டு முடிக்க முடியாத ஒரு கணக்கில் இருந்தது. குவாண்டம் கணினிகள் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கு ஒரு நாள் அவிழ்ந்துவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் எங்கள் கையெழுத்தைப் போட்டு எந்த பம்ப்புக்கும் கட்டளை இடலாம். அதனால் அவிழாத புதுக் கணக்கில் புதுச் சாவி, அதாவது அந்தக் கையெழுத்தைப் போடும் இரகசிய எண், செய்து, புது வேரை உண்டாக்குகிறோம். பழைய கையெழுத்து ஒரு வரி என்றால் புதியது பல பக்கம். சின்னக் கருவிகளெல்லாம் சுமக்க முடியாமல் முனகுகின்றன. ஆனாலும் தள்ளிப்போட முடியாது. இன்று செய்யும் பம்ப் பதினைந்து வருஷம் வேலை செய்யும். வேர் அதைவிட நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். 2051 வரை.

அந்தச் சாவி ஒரு மூடிய அறையில் எல்லோர் முன்னிலையிலும் பிறக்கும். அதைத்தான் சடங்கு என்கிறோம். ஒருவர் தட்டச்சு செய்வார். அவருக்கு இயக்குநர் என்று பெயர். திரையில் வந்ததை ஒருவர் உரக்கப் படிப்பார். அது நான். சாட்சிகள் மூவர்: எங்கள் வக்கீல், பம்ப் கம்பெனியிலிருந்து வரும் பிரதிநிதி அம்மா, நீங்கள். இதில் ஒரு கறாரான விதி உண்டு. திரையைப் பார்ப்பவர் கையில் தாள் இருக்கக் கூடாது. தாள் வைத்திருப்பவர் திரையைப் பார்க்கக் கூடாது. அதனால் நீங்கள் மூவரும் திரைக்குப் பக்கவாட்டில் உட்காருவீர்கள். நான் படிப்பதைக் கேட்டு, உங்கள் தாளில் இருப்பதோடு ஒத்துப்போனால் குறியிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நிறுத்த வேண்டும். அறையில் கேமரா உண்டு, ஆனால் ஒலிப்பதிவு கிடையாது. யாராவது இரகசிய எண்ணை முணுமுணுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

கைபேசி, கைக்கடிகாரம், அலை வீசும் எதுவும் உள்ளே கூடாது. வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். காதுக்கருவி, இதயக்கருவி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் மாற்று ஏற்பாடு செய்வோம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நாங்கள் அடுத்த அறையில் இரகசியம் பேசினால் "நாலாவது வாக்கியத்தில் தேதி தப்பு" என்று கத்துவீர்களே.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
ரேடியோ


வெள்ளிக்கிழமை, 14 பிப்ரவரி 2031

அன்பு மருமகளுக்கு,

நலம். நேற்று முன்தினம் இரவே பத்திரமாக வீடு சேர்ந்தேன். உன் தொண்டை எப்படி இருக்கிறது? அத்தனை நேரம் இடைவிடாமல் படித்திருக்கிறாய். வெந்நீர் குடி.

சடங்கு நல்ல முறையில் நடந்தேறியது. சில குறைகளை உன் நன்மை கருதிச் சொல்கிறேன். சாட்சிகளின் நாற்காலிகள் சுழல்கின்றன. சாட்சி சொல்பவன் சுழலக் கூடாது. கொடுக்கப்பட்ட பேனாக்களில் ஒன்று நீலம், இரண்டு கறுப்பு. உறுதிமொழிப் படிவத்தில் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் அச்சிட்டிருக்கிறீர்கள். 2/12 என்று இருந்ததை நான் அடித்து, பிப்ரவரி 12 என்று எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். உன் வக்கீல் சிரித்தார். சிரிக்க ஒன்றுமில்லை. டிசம்பர் 2 ஆம் தேதி யாரோ ஒருவர் அதைப் பார்த்துக் குழம்பும்போது தெரியும்.

உன் குரல் வழக்கம்போலக் கணீரென்று இருந்தது.

வீட்டுக்கு வராமல் நேரே புறப்பட்டதற்கு உன் அம்மா வருத்தப்பட்டிருப்பாள். கடைசிப் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்பதே காரணம் என்று சொல்.

ஆசிகளுடன்,
மாமா


திங்கட்கிழமை, 3 மார்ச் 2031

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தொண்டை சரியாகிவிட்டது. அம்மாவின் இடது முழங்காலும் சமாதானத்துக்கு வந்திருக்கிறது.

நீங்கள் போன பிறகு அலுவலகமே உங்களைப் பற்றித்தான் பேசியது. அந்த மாதம் நாள் விவகாரத்தைத் தலைவர் உடனே மாற்றச் சொல்லிவிட்டார். வக்கீல் என்னிடம், "உங்க மாமா டிக் போடற அழகே தனிம்மா. 'சரி'ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாம, ஒரு பார்வை பார்த்துட்டு, டக்குனு போடறார். அவர் போட்டதுக்கப்புறந்தான் நான் போட்டேன்" என்றார். எனக்கு ஒரு சாண் உயரம் கூடியது போல இருந்தது.

தொழிற்சாலையில் வேலை தொடங்கியாயிற்று. புது வேர் உள்ளே வைத்த முதல் பம்ப்கள் பெட்டிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இந்த வெற்றிக்குப் பிறகு எல்லாச் சடங்குகளுக்கும் என்னையே தலைமை வாசிப்பாளராக ஆக்கப் போவதாகப் பேச்சு இருக்கிறது. உறுதியானதும் எழுதுகிறேன்.

அம்மா எத்தனை முறை அழைத்தாலும் நீங்கள் ஃபோனை எடுப்பதில்லையாம். "உங்க மாமாவுக்கு என் குரல் கேட்டா தேதி மறந்து போயிடுமா?" என்று கேட்கிறாள். ஒரு முறையாவது எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
ரேடியோ


செவ்வாய்க்கிழமை, 22 ஏப்ரல் 2031

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மாமா, இங்கே ஒரு தப்பு நடந்துவிட்டது. போன வாரம் பம்ப் கம்பெனியில் ஒரு பொறியாளர் சோதித்துப் பார்த்தபோது, வேர்ச் சான்றிதழின் இறுதி நாள் 2051 என்பதற்குப் பதிலாக 2041 என்று இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். பத்து வருஷம் குறைவு. வேரில் இருப்பதை மாற்றவே முடியாது. 2041 இல் அந்த நாள் வந்ததும் அந்த பம்ப்கள் கட்டளை எதையும் நம்பாமல் கட்டிலருகே சும்மா நின்றுவிடும். மருத்துவமனைகளுக்குப் போனதையெல்லாம் திரும்ப வாங்கி, சடங்கையும் மறுபடி நடத்த வேண்டும். யாருக்கும் ஆபத்து வரும் முன்பே தெரிந்தது நல்லது என்கிறார்கள். ஆனால் எப்படி நடந்தது என்று விசாரணைக் குழு வைத்திருக்கிறார்கள்.

தட்டச்சு செய்த இயக்குநர் தன் விரல் தவறியதை ஒப்புக்கொண்டுவிட்டார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். விரல் தவறுவது மனித இயல்பாம். அதைப் பிடிக்கத்தான் வாசிப்பாளர் இருக்கிறார் என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். திரையில் 2041 இருந்தது. நான் திரையைப் பார்த்துப் படித்திருந்தால் 2041 என்றுதான் படித்திருப்பேன். படித்திருந்தால், 2051 என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்திருந்த சாட்சிகள் நிறுத்தியிருப்பார்கள். மூவரும் "சரி" என்று குறியிட்டிருக்கிறார்கள். ஆகவே நான் திரையைப் பார்க்காமல், ஒத்திகையில் மனப்பாடமான தேதியைச் சொல்லிவிட்டேன் என்கிறார்கள். விரல் தவறியது பிழை, பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னது நேர்மைக் குறை. நேர்மைக் குறை என்று ஒரு முறை எழுதிவிட்டால் இந்தத் தொழிலில் எந்த நிறுவனமும் என்னை இனிச் சடங்கு அறைக்குள் விடாது.

நான் திரையைப் பார்த்தேன், மாமா. பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்துக்குள் எண்களெல்லாம் என் வாய் வழியாகத் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. என்ன எண் என்று மனம் கவனிக்கவில்லை. உங்களுக்குக் குழுவிலிருந்து ஒரு கேள்வித்தாள் வரும். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் என்ன படித்தேன்?

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ரேடியோ


வெள்ளிக்கிழமை, 2 மே 2031

அன்பு மருமகளுக்கு,

நலம். உங்கள் இருவரின் நலம் நாடுகிறேன். உன் மார்ச் 3 கடிதத்துக்குப் பதில் எழுதாமைக்குச் சளித் தொல்லையே காரணம். இப்போது தேவலை.

உன் ஏப்ரல் 22 கடிதம் 26 ஆம் தேதி சனிக்கிழமை வந்தது. குழுவின் கேள்வித்தாள் 28 ஆம் தேதி வந்தது. 30 ஆம் தேதி விடையெழுதி, மறுநாள் விடுமுறையாதலால் இன்று காலை அஞ்சலில் சேர்த்தேன். தாளில் இருந்தபடியே விடையளித்திருக்கிறேன்.

இத்தகைய விசாரணைகளில் தனி மனிதரைக் காட்டிலும் முறைமையில் உள்ள குறைகளே பெரும்பாலும் வெளிப்படும். சுழலும் நாற்காலிகளைப் பற்றியும் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். நீ மனத்தைத் தளரவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாமா


திங்கட்கிழமை, 26 மே 2031

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மா நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

குழு வெள்ளிக்கிழமை கூடியது. மூன்று சாட்சிகளின் விடைகளையும் படித்தார்கள். பிரதிநிதி அம்மா, தனக்குச் சரியாக நினைவில்லை, வக்கீல் குறியிட்டதைப் பார்த்துத் தானும் இட்டதாக எழுதியிருந்தார். வக்கீல், "தேதி மாமா இட்டார், நானும் இட்டேன்" என்று எழுதியிருந்தார். உங்கள் விடையைக் கடைசியாகப் படித்தார்கள். இறுதி நாள் தாளில் இருந்தபடியே, அதாவது 2051 என்றே, உரக்கப் படிக்கப்பட்டது என்று நீங்கள் தெளிவாக எழுதியிருந்தீர்கள்.

நான், "இல்லைங்க, நான் திரையைப் பார்த்துத்தான் படிச்சேன்" என்றேன். தலைவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ 2041னு படிச்சிருந்தா அந்த மனுஷர் விட்டிருப்பாராம்மா? மாதத்தை முன்னாடி போட்டதுக்கே எங்களை ஒரு வழி பண்ணினவர்" என்றார். எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள்.

என்னை வாசிப்பாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தரைத்தளத்தில், திரும்பி வரும் பம்ப்களின் எண்ணைச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறேன். என் பெட்டிகளே என்னிடம் திரும்பி வருகின்றன. இது தற்காலிகம்தான். என் பெயருக்கு எதிரே நேர்மைக் குறை என்று நிலையாக எழுதுவதா இல்லையா என்பதைச் செப்டம்பர் கடைசியில் முடிவு செய்வார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "நான் பார்த்துத்தாம்மா படிச்சேன்" என்றேன். அவள் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "எங்க அண்ணன் ஒரு தேதி தப்பாச் சொன்னா, அன்னிக்குச் சூரியன் தப்பா உதிச்சிருக்கும்டி" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ ஒத்துக்கிட்டா என்ன? யாருக்கும் தப்பு வரும்" என்றாள்.

உங்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, மாமா. கேட்டதை எழுதினீர்கள். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். அப்படியானால் நான்தான் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். என் கண்ணையே நான் நம்ப முடியாமல் ஆகிவிட்டது என்பதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது. இப்போது பம்ப்பின் எண்ணைக்கூட மூன்று தடவை படிக்கிறேன். உங்களையும் இதற்குள் இழுத்துச் சங்கடப்படுத்தியதற்கு மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மருமகள்


புதன்கிழமை, 9 ஜூலை 2031

அன்பு மருமகளுக்கு,

நீ நலமாக இல்லை என்பதை அறிவேன். ஆகவே நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் மே 26 கடிதம் 30 ஆம் தேதி என் கைக்கு வந்தது. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு பலமுறை எழுதத் தொடங்கினேன். தேதியை எழுதுவேன். அடுத்த வரி வராது. மறுநாள் தேதி மாறிவிடும் என்பதால் தாளைக் கிழித்துவிடுவேன்.

எனக்குக் காது கேட்பதில்லை. மூன்றாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்து, சென்ற ஆண்டு மார்ச் மாதம் முதல் கருவி இல்லாமல் பேச்சு எதுவும் விளங்குவதில்லை. காதுக்குள் அடங்கிவிடும் சிறு கருவி. யார் கண்ணிலும் படாது. தொலைபேசியைக் காதருகே கொண்டுபோனால் அது கீச்சிடும். பேச்சுக்குத் தேதி கிடையாது என்று நான் எழுதியதெல்லாம் அதற்காகத்தான். என் தங்கைக்கும் இது தெரியாது.

காதுக்கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லுமாறு நீ எழுதியிருந்தாய். சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பாய். ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே, எனக்கு அந்தக் கவலை இல்லை என்று பெருமையோடு எழுதியிருந்தாய். அந்தப் பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காத்துக்கொண்டது என் பெருமையை.

பிப்ரவரி 12 அன்று வாசலில் இருந்த காவலர் கைபேசியையும் கடிகாரத்தையும் வாங்கிப் பெட்டியில் வைத்தார். அவர் திரும்பிய வேளையில் கருவியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி நானும் உள்ளே வைத்தேன். "வேற ஏதாவது இருக்கா சார்?" என்று அவர் கேட்டதை உதட்டசைவில் அறிந்து, தலையசைத்து மறுத்தேன். பிறகு ஓசையே இல்லாத அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். பிரதிநிதி அம்மையாரின் பேனா அசையும்போதெல்லாம் நானும் குறியிட்டு, சரி என்றேன். அவர் வக்கீலைப் பார்த்தார் என்றும் வக்கீல் என்னைப் பார்த்தார் என்றும் உன் கடிதத்தைப் படித்த பின்னரே அறிந்தேன். மூன்று சாட்சிகள் ஒருவர் பேனாவை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நீ ஒருத்தி மட்டும் உன் வேலையைச் செய்திருக்கிறாய்.

உன் குரல் கணீரென்று இருந்ததாக எழுதினேன். நான் கண்டது உன் உதடுகள் அசைந்ததை மட்டுமே.

ஆகவே, அந்தத் தேதியை நீ எப்படிப் படித்தாய் என்பது எனக்குத் தெரியாது. இதை இன்றே குழுவுக்கு எழுதி, என் காதின் நிலை குறித்த மருத்துவர் சான்றையும் இணைத்து, ஏப்ரல் 30 ஆம் தேதியிட்ட என் விடையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தெரிவித்திருக்கிறேன்.

உன் முகத்தில் விழிக்க வகையற்ற
மாமா


திங்கட்கிழமை, 4 ஆகஸ்ட் 2031

மாமா,

குழு உங்கள் கடிதத்தைப் படித்தது. வக்கீல் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிச் சாட்சிகள் அனைவருக்கும் சடங்குக்கு முன் செவிச் சோதனை நடத்த வேண்டும் என்று அன்றே விதி எழுதிவிட்டார்கள். தரைத்தளத்தில் அதற்கு "மாமா டெஸ்ட்" என்று பெயர். நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "காது போனா என்ன, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றாள். அன்று முழுக்க என் கண்ணைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில், "நீ ஒத்துக்கிட்டா என்னன்னு நான் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

எனக்குக் காதைப் பற்றிக் கோபம் இல்லை. உங்களுக்குக் கேட்காது என்றால் நான் இன்னும் உரக்கப் பேசியிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் மே மாதம் முதல், நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஒரு வரிக்காக.

உங்கள் கடிதத்தால் விஷயம் முடியவில்லை. தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க மாமா விடையைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதியிருக்கார். ஏன் அப்படி எழுதினார்னு எழுதலை. தெரியாமச் சொன்னாரா, தெரிஞ்சே சொன்னாரா?" என்றார். தெரியாமல் சொன்னீர்கள் என்றால், அரைகுறையாக ஏதோ காதில் விழுந்து, அது 2051 ஆகவும் இருந்திருக்கலாம். அப்போது என்மேல் உள்ள குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதுவார்கள். ஐயம் என் பெயரோடு நிற்கும். தெரிந்தே சொன்னீர்கள் என்றால் அந்த விடைக்கு ஒரு மதிப்பும் இல்லை. மற்ற இருவரும் அடுத்தவரைப் பார்த்துக் குறியிட்டவர்கள் என்பதால் எனக்கு எதிராக வேறு எதுவும் இல்லை. குற்றத்தையே அடித்துவிடுவார்கள். ஆனால் விசாரணையில் அறிந்தே பொய் சொன்ன சாட்சி என்று உங்கள் பெயர் பதிவாகும்.

"வயசானவர், கேள்வி புரியலைன்னு போட்டுடலாமா? உன் இஷ்டம்" என்றார் தலைவர். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். நான் எதுவும் போட வேண்டாம், அவரையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன்.


புதன்கிழமை, 3 செப்டம்பர் 2031

அன்பு மருமகளுக்கு,

உன் ஆகஸ்ட் 4 கடிதம் 8 ஆம் தேதியே வந்துவிட்டது. இத்தனை நாள் தாமதத்துக்குச் சளியோ வேறெதுவுமோ காரணமல்ல. கேள்வி புரியாத கிழவனாகவே இருந்துவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வழியை உன் தலைவரே திறந்து வைத்திருந்தார்.

கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. கேள்வித்தாளில் மூன்று கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. தாளில் இருந்தபடியே படிக்கப்பட்டது என்பது முதலாவது. தாளுக்கு மாறாகப் படிக்கப்பட்டது என்பது இரண்டாவது. என் காதில் விழவில்லை என்பது மூன்றாவது. என் உண்மை அங்கே அச்சாகியே இருந்தது. ஒரு குறி இட்டால் போதும். இரண்டு நாள் அந்தத் தாளை மேசைமீது வைத்திருந்தேன். மூன்றாம் கட்டத்தின்மேல் பேனாவைக் கொண்டுபோனேன். அதில் குறியிட்டால் ஏன் விழவில்லை என்று எவராவது கேட்பார்கள். முதல் கட்டத்தில் குறியிட்டால் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆகவே முதல் கட்டத்தில் குறியிட்டேன். கேட்டவர்கள் ஐயுறாதிருக்க, 2051 என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன்.

அது உன்மேல் விழும் என்பது எனக்குத் தெரியாதென்று நீ எண்ண வேண்டாம். நேர்மைக் குறை என்று எழுதினால் உன் தொழிலே போய்விடும் என்று நீ எழுதிய கடிதம் அதே மேசையில் விரித்தபடி இருந்தது. விடையை எழுதும்போது கை அதன்மேல் படுகிறதென்று அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு எழுதினேன்.

தலைவரிடம் நீ சொல்ல வேண்டிய சொல் இது: தெரிந்தே. இதன் நகலைக் கையொப்பமிட்டு இன்று குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன். உன் வாயால் நீ சொல்ல நேரக்கூடாது என்பதற்காக. வயதைக் காரணமாக எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னோடு ஓய்வு பெற்ற என் வயதினர் பலர் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள்.

நீ திரையைப் பார்த்துத்தான் படித்தாய். இதற்கு நான் சாட்சியல்ல. சாட்சியாகும் தகுதியை இழந்துவிட்டேன். உன் கண்ணை நீ நம்பலாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

குழுவின் முன் நேரில் வந்து சொல்லச் சொன்னால், வரச் சொல்லும் நாளில் வருகிறேன். கருவியை எல்லோரும் பார்க்கும்படி அணிந்துகொண்டு வருவேன். அவர்கள் கேட்பவற்றுக்கு விடை சொல்வேன். ஒரு சொல் காதில் விழாவிட்டாலும், விழவில்லை என்று சொல்வேன்.

மாமா